உடல் கிடைக்காத வீடு: ஒக்கி புயலுக்குப் பிறகு ஒரு குடும்பமும் அதன் பங்கும்

ஏன் எழுதுகிறேன்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், 2017 நவம்பர் கடைசியிலிருந்து 2018 கடைசி வரை நடந்தது இது. ஊர் பெயர், ஆட்கள் பெயர் எதுவும் இருக்காது. அந்த வீட்டுப் பெண் வாசித்துப் பார்த்து, சரி, போடுங்கள் என்று சொன்ன பிறகுதான் வெளியிடுகிறேன். பங்குக்குள் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற சிறு குழுவை அன்பியம் என்போம், அதன் வழியாக வீடு சந்திக்கப் போன குழுவில் நானும் இருந்தேன்.

துன்பத்தில் விசுவாசத்தை விட்டுவிடாதீர்கள் என்று எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கிறோம். விடாமல் இருக்க ஒரு வீட்டுக்கு என்ன தேவைப்பட்டது, சுற்றி நின்றவர்கள் செய்ததில் எது தாங்கியது, எது இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டது என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. இனி வரும் புயலில் வேறொரு பங்கின் குழு இதே கேள்விகளோடு நிற்கும், அவர்களுக்குத்தான் இது.

பின்னணி

இந்தப் பக்கத்து ஆண்கள் தங்குகடல் தொழிலுக்குப் போகிறவர்கள். சூண்டை போட்டுச் சுறாவும் சூரையும் பிடிக்கிற ஆழ்கடல் தொழில், பத்துப் பதினைந்து பேர் ஒரு விசைப்படகில் ஏறினால் பல வாரம் கழித்துத்தான் கரை. கொச்சி பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து புறப்படுவதும் உண்டு. அதனால் கரையில் நின்று கையசைத்து வழியனுப்புகிற காட்சியெல்லாம் கிடையாது, கடைசியாகத் துறைமுகத்திலிருந்து ஒரு போன் வரும், அவ்வளவுதான்.

வீட்டில் ஐந்து பேர். கணவர், மனைவி, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஆறாவது படிக்கும் மகன், கணவரின் அம்மா. பையன் பூசையில் குருவுக்கு உதவுகிற பீடச்சிறுவன். மாமியார் அதிகாலைப் பூசையைத் தவறவிடாதவர். கணவர் கரையில் இருக்கிற ஞாயிறுகளில் பூசைக்கு வருவார், பின்வரிசையில் நிற்பார், பங்குத் திருவிழா வேலை என்றால் முதலில் வந்து நிற்பார். மனைவி அன்பியக் கூட்டத்தில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர். நல்ல கிறிஸ்தவக் குடும்பம் என்று ஊரில் சொல்லப்பட்டவர்கள். இந்தப் பெயரே பிறகு அவர்களுக்குப் பாரமானது, அதைக் கீழே சொல்கிறேன்.

நவம்பர் மூன்றாம் வாரத்தில் கணவர் ஏறிய படகு புறப்பட்டது. மனைவியின் தம்பியும் அதே படகில் இருந்தார்.

நவம்பர் 30 முதல் கிறிஸ்துமஸ் வரை

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. திருச்சபை நாட்காட்டியில் மீனவரான அந்திரேயா திருத்தூதரின் திருநாள். வலைகளை விட்டுவிட்டு இயேசுவின் பின்னே போன சகோதரர்களைப் பற்றிய மத்தேயு 4-ஆம் அதிகார வாசகம்தான் அன்றைய நற்செய்தி. கரண்ட் இல்லாத கோவிலில், காற்று கதவை அடித்துக்கொண்டிருக்க, நாலைந்து பேர் மட்டும் அதைக் கேட்டார்கள். மாமியார் அதில் ஒருவர்.

அன்றைக்குக் காலையில்தான் அது புயல் என்று அறிவிக்கப்பட்டது. முந்தின நாள் கடலுக்குப் போக வேண்டாம் என்று வந்த எச்சரிக்கை, அதற்கு வாரக்கணக்கில் முன்னாலேயே போய்விட்டவர்களுக்கு எதற்கு? படகில் இருக்கிற வயர்லெஸ் செட் அவ்வளவு தூரம் எட்டாது. மரமும் மின்கம்பமும் விழுந்து மாவட்டமே இருட்டில் கிடந்தது. கரையில் நாங்கள் ஓடு பறந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஆழ்கடலில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் செய்தி துண்டு துண்டாக வந்தது. லட்சத்தீவில் சிலர் கரை ஏறியிருக்கிறார்கள், மகாராஷ்டிரத்தில் தேவ்கட்டில் படகுகள் ஒதுங்கியிருக்கின்றன, குஜராத் பக்கமும் சில. ஒவ்வொரு செய்திக்கும் வீடுகள் எழுந்து உட்கார்ந்தன. எங்கள் பங்கிலிருந்து யார் யார் எந்தப் படகில் போயிருக்கிறார்கள் என்ற பட்டியல் எவரிடமும் இல்லை, வீடு வீடாகப் போய்த்தான் எடுத்தார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் கடற்கரை ஊர்களின் ஆயிரக்கணக்கான மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள், தேடுங்கள் என்று கேட்டு. இந்தப் பெண்ணும் பிள்ளைகளோடு போனார். அங்கே செபமாலையும் சொன்னார்கள், கோஷமும் போட்டார்கள், இரண்டுக்கும் நடுவில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை.

கேரளக் கடற்கரையில் ஒதுங்கிய உடல்கள் அடையாளம் தெரியாத நிலையில் இருந்தன. டி.என்.ஏ. பரிசோதனைக்கு உறவினர் ரத்தம் கொடுத்தார்கள். மாமியார் கொடுத்தார். மனைவியின் தம்பி உடல் என்று ஒன்று உறுதியாகி வந்தது, அடக்கம் செய்தார்கள். கணவர் வரவில்லை. உயிரோடும் இல்லை, உடலாகவும் இல்லை.

வீட்டுக்குள் கண்டது

டிசம்பர் நடுவில் நாங்கள் போகத் தொடங்கியபோது அந்த வீட்டில் மூன்று விதமான விசுவாசம் ஒரே கூரையின் கீழ் மோதிக்கொண்டிருந்தது.

மாமியாருக்கு மகன் போய்விட்டான் என்பது தெரிந்துவிட்டது. அவருடைய அவசரம் வேறு. "எம் புள்ளைக்கு ஒரு பூசை கூட இல்லியே சாமி, அந்த ஆத்துமா எங்க கெடந்து தவிக்குதோ" என்று பங்குத்தந்தையைப் பார்க்கிறபோதெல்லாம் கேட்டார். மனைவி பூசை என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. செத்தவர்களுக்கான பூசை வைத்தால் அவர் செத்தார் என்று நானே கையெழுத்துப் போட்டது போல, தம்பி உடம்பு வந்தது, இவர் உடம்பு வரவில்லை, அப்படியானால் இருக்கிறார் என்றுதானே அர்த்தம் என்பது அவர் வாதம். ஏதோ தீவில் இருக்கலாம், வெளிநாட்டுச் சிறையில் இருக்கலாம் என்று ஊரில் உலவிய பேச்சு அதற்குத் தோதாக இருந்தது. மகளோ இரண்டு பக்கமும் சேரவில்லை. மாலை செபத்துக்கு எல்லோரும் முட்டிபோடும்போது எழுந்து பின்வாசலுக்குப் போய்விடுவாள்.

வெளியே இருந்து வந்த குரல்கள் அதற்கு மேல். "ஆண்டவர் சித்தம்", "நல்லவங்களைத்தான் சீக்கிரம் கூப்பிடுறார்", "நீங்க எவ்வளவு பக்தியான குடும்பம், நீங்களே இப்படி அழலாமா?" கடைசியில் சொன்னதுதான் ரொம்பக் கெடுத்தது. நல்ல கிறிஸ்தவக் குடும்பம் என்ற பெயருக்காக அந்தப் பெண் கோவிலில் அழாமல் நின்றார், வீட்டுக்கு வந்து சுவரில் தலையை மோதிக்கொண்டார். இதை மாமியார்தான் எங்களிடம் சொன்னார்.

தூரத்து உறவு வழியாக வேறொரு சபை ஊழியக்காரரின் போன் வர ஆரம்பித்தது. கணவர் உயிரோடு இருப்பதைத் தரிசனத்தில் பார்த்ததாகவும், உபவாசம் இருந்து செபித்தால் தை பிறப்பதற்குள் வந்துவிடுவார் என்றும் சொன்னார். அவர் சபைப் பெண்கள் இரண்டு பேர் வந்து இரவெல்லாம் கூட உட்கார்ந்திருந்தார்கள், அரிசி கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் பங்கில் அவ்வளவு நேரம் உட்கார்ந்தவர்கள் குறைவு.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணங்கள்

முதல் முடிவு, வாயை மூடிக்கொண்டு போவது. இரண்டிரண்டு பேராகப் போவோம், சாப்பாடு கொண்டுபோவோம், கேட்டால் செபிப்போம், "ஆண்டவர் சித்தம்" என்று யாரும் சொல்லக்கூடாது. குழுவிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் கிறிஸ்தவனாகப் போய் என்ன பயன், வெறும் சமூக சேவையா என்று மூத்தவர் ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். பங்குத்தந்தை யோபுவின் புத்தகத்தை எடுத்தார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள், வாயைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கடைசியில் கடவுளே கோபப்பட்டார். மூத்தவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கடைப்பிடித்தார்.

இரண்டாவது, பூசை விஷயம். இதில்தான் அதிக நேரம் போனது. மாமியார் கேட்டபடி இறந்தோர் திருப்பலி வைத்தால் மருமகள் கோவிலையே விட்டுவிடுவார், வைக்காவிட்டால் ஒரு தாயின் துக்கத்துக்கு வழியே இல்லை. பங்குத்தந்தை ஒவ்வொரு வியாழனும், புயல் அடித்த கிழமை, "கடலுக்குப் போய்த் திரும்பாத எல்லோருக்காகவும்" என்று ஒரே கருத்தோடு பூசை வைத்தார். பெயர் வாசிப்பதில்லை, இறந்தோர் என்று சொல்வதில்லை, உயிரோடு வர வேண்டும் என்றும் சொல்வதில்லை. மாமியார் மகனின் ஆன்மாவுக்காக அதில் நின்றார், மருமகள் கணவர் திரும்பி வர நின்றார், பக்கத்துப் பக்கத்து இடத்தில். மழுப்பல் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாருக்கும் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லாத செபம் அது, இரண்டு பேரையும் ஒரே கோவிலுக்குள் வைத்திருந்தது அதுதான்.

மூன்றாவது, அன்பிய செபத்துக்கு வாசகங்களை மாற்றினோம். வழக்கமாக எடுக்கிற 23-ஆம் திருப்பாடலையும் 91-ஐயும் ஒதுக்கி வைத்தோம். ஆயிரம் பேர் விழுந்தாலும் உனக்கு ஒன்றும் ஆகாது என்பதை அந்தத் தெருவில் எப்படி வாசிப்பது? அதற்குப் பதில் 13, 69, 88. தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது என்று கதறுவது 69. ஆறுதலே இல்லாமல் இருட்டில் முடிவது 88. இப்படியெல்லாம் பைபிளில் இருக்கிறதா என்று பல பெண்கள் கேட்டார்கள்.

ஒரு கூட்டத்தில் மாற்கு 4-ஆம் அதிகாரம், புயலை அடக்கிய பகுதி, வாசிக்கப்பட்டது. தவிர்த்திருக்கலாமோ என்று அப்போது பயமாக இருந்தது. இந்தப் பெண் முதல்முறையாக எல்லோர் முன்னாலும் பேசினார்: "அந்தப் படகுல இருந்தவங்க எழுப்புனதும் எந்திச்சாரு. எங்க ஆளுங்க கூப்பிட்டது மட்டும் கேக்கலியா ஃபாதர்?" பங்குத்தந்தை பதில் சொல்லவில்லை. தெரியவில்லை என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறு விசுவாசிகள் மன்றாட்டில், சாகப்போகிறோமே, உமக்குக் கவலையில்லையா என்று சீடர்கள் இயேசுவிடமே கேட்ட கேள்வியை மன்றாட்டாக வைத்தார், யார் கேட்டது என்று சொல்லாமல். அந்தப் பெண் பிறகு சொன்னது: "திட்டுனதும் செபந்தான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

நான்காவது, போன் தரிசனம். பீடத்திலிருந்து அந்த ஊழியக்காரரைக் கண்டிக்கச் சொல்லி நெருக்கடி இருந்தது. பங்குத்தந்தை மறுத்தார், அவரைத் தாக்கினால் அந்தப் பெண்ணுக்கு மிஞ்சியிருக்கிற நம்பிக்கையைத் தாக்குவதாக ஆகும் என்றார். போன் வரும்போது மாமியாரோ நாங்கள் யாராவதோ கூட இருக்க வேண்டும், பணம் பேச்சு வந்தால் எங்களிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் பேசிக்கொண்டோம்.

இடையில் கிறிஸ்துமஸ் வந்தது. குடில் வைக்கலாமா கூடாதா என்று பங்குப் பேரவையில் தர்க்கம். "பாலன் பெறந்ததுக்கு எதுக்குத் துக்கம் காக்கணும், வையுங்க மக்ளே" என்று மாமியார் சொன்னதும் பேச்சு முடிந்தது. நட்சத்திரமும் வெடியும் இல்லாமல் நள்ளிரவுத் திருப்பலி நடந்தது.

2018: காகிதமும் தவக்காலமும்

தை பிறந்தது. அவர் வரவில்லை. போனும் நின்றுபோனது. அந்தப் பெண் சாப்பாட்டை விட்டார், தூக்கம் போனது, பிள்ளைகளைக் கவனிக்கவில்லை. அப்போதுதான் மருத்துவரிடம் கூட்டிப்போனோம், மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கப்பட்டது. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொன்னவர்கள் எங்கள் குழுவுக்குள்ளேயே இருந்தார்கள். பிரஷர் மாத்திரையை டப்பாவோடு கொண்டு திரிகிறவர்கள்தான் அதையும் சொன்னார்கள்.

அடுத்தது காகிதம். காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சாட்சியச் சட்டப்படி 7 ஆண்டு ஆக வேண்டும். ஒக்கிக்காக அரசு அதைத் தளர்த்தி, திரும்பாத மீனவர் குடும்பங்களுக்கும் 20 லட்சம் ரூபாய் நிவாரணம் கொடுக்க முன்வந்தது. அதற்குக் கையெழுத்து வேண்டும். மறுபடி அதே முட்டுக்கட்டை. இங்கே பங்குத்தந்தை தெளிவாக ஒன்றைச் சொன்னார்: "இந்தக் காகிதம் கவர்ன்மெண்டுக்கு, பிள்ளைங்க படிப்புக்கு. கோவில் இதை வெச்சு எதையும் முடிவு பண்ணாது. பூசை எப்போ, எப்படிங்கறது நீ சொல்றப்போதான்." தாலுகா அலுவலகத்துக்கு அந்த மனைவியோடு போனது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்த இன்னொரு வீட்டுப் பெண். அன்றைக்கு இவரும் கையெழுத்துப் போட்டார்.

பணம் வந்ததும் பேச்சு வந்தது. பணத்துக்காகப் புருஷனைச் சாகடித்துவிட்டாள் என்று. பங்குத்தந்தை பீடத்தில் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு ஞாயிறுதான். இப்படிப் பேசிய நாக்கோடு நன்மை (நற்கருணை) வாங்க வராதீர்கள் என்று நேராகவே சொன்னார். பேச்சு நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. பணத்தில் பெரும்பகுதி பிள்ளைகள் பெயரில் வங்கியில் போடப்பட்டது, மீதி பழைய கடனுக்குப் போனது.

ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலத்தில் அந்தப் பெண் வெள்ளிதோறும் சிலுவைப்பாதைக்கு வந்தார். மார்ச் 30, பெரிய வெள்ளி, வந்து முழு வழிபாட்டிலும் நின்றார். ஏப்ரல் 1 உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டருக்கு வரவில்லை. அல்லேலூயா பாட முடியாது, பாடாமல் நிற்கவும் முடியாது என்றார். யாரும் வற்புறுத்தவில்லை. மாமியார் மட்டும் பூசை முடிந்து வந்து, அவருக்கும் சேர்த்துத்தான் பாடிவிட்டு வந்ததாகச் சொன்னாராம்.

விளைவு

நவம்பர் 2 கல்லறைத் திருநாள் நெருங்கியபோது பிரச்சினை வேறு வடிவில் வந்தது. எல்லோரும் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவார்கள், இந்த வீட்டுக்கு எங்கே ஏற்றுவது? கல்லறைத் தோட்டத்தில் சிலுவை ஒன்று நட்டு, அதன் அடியில் திரும்பாதவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்ட முடிவானது. பெயர் சேர்ப்பது ஒவ்வொரு வீட்டின் விருப்பம். கல் வெட்டுகிறவர் இறந்த தேதி கேட்டார். எந்த நாள் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு வீட்டார் நவம்பர் 30 என்று போடச் சொன்னார்கள். இந்தப் பெண் பெயரைச் சேர்க்க ஒத்துக்கொண்டு, இறந்த தேதியை விட்டுவிட்டு, படகு புறப்பட்ட தேதியைப் போடச் சொன்னார். அப்படியே வெட்டினார்கள்.

நவம்பர் 30, 2018 அன்று முதலாண்டுத் திருப்பலி. இறந்தோர் பட்டியலில் கணவர் பெயரையும் வாசிக்கச் சொல்லி அவரே சீட்டு எழுதிக் கொடுத்தார். மாமியாருக்கு அன்றைக்குத்தான் மகனுக்குப் பூசை கிடைத்தது. தாமதமாகிவிட்டது என்ற மனக்குறை அவருக்கு இன்னும் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண் இப்போது அன்பியத்தில் மறுபடி பாட்டு எடுத்துக் கொடுக்கிறார். ஆண்டவர் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டதற்கு, இல்லை, ஆனால் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். பையன் பீடத்தில் தொடர்ந்தான். மகள் உறுதிப்பூசுதல் என்ற திருவருட்சாதனத்துக்கான வகுப்பைப் பாதியில் விட்டவள் அந்த ஆண்டு திரும்பவில்லை, பூசைக்கும் எப்போதாவதுதான் வருகிறாள். ஆக, இந்த வீடு விசுவாசத்தில் நிலைத்தது என்று மொத்தமாகச் சொல்ல முடியாது. இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாக நிலைத்தார்கள், ஒரு பிள்ளை இன்னும் வெளியே நிற்கிறாள்.

அடுத்த முறை வேறு மாதிரி செய்ய வேண்டியவை

பிள்ளைகளுக்குத் தனியாக ஆள் வேண்டும். குழுவின் கவனம் முழுக்க அம்மாவும் பாட்டியும் போட்ட சண்டையில் போய்விட்டது. பின்வாசலில் உட்கார்ந்திருந்த பெண்ணோடு பேச அவள் வயதுக்குச் சற்று மேலே உள்ள ஒருத்தி முதல் வாரத்திலிருந்தே இருந்திருக்க வேண்டும். மறைக்கல்வி ஆசிரியர் போனார், ஆனால் வகுப்புக்கு வரவில்லை என்று கேட்கத்தான் போனார்.

மருத்துவரிடம் போவது தை மாதம் வரை தள்ளிப்போகக் கூடாது. தூக்கம், சாப்பாடு இரண்டையும் வீடு சந்திப்பவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும், செபித்தீர்களா என்று கேட்பதற்கு முன்னால்.

திரும்பி வந்த ஆண்களை யாரும் யோசிக்கவே இல்லை. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்த ஒருவர் எங்கள் பங்கிலேயே இருந்தார். கோவிலுக்கு வந்தால் விதவைகள் தன்னைப் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்று பல மாதம் ஞாயிறுகளில் கடற்கரையிலேயே இருந்தார். ஆண்டவர் காப்பாற்றினார் என்று சாட்சி சொல்ல அவரை மேடைக்கு அழைத்தவர்கள் உண்டு. கூட இருந்தவர்களை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வியோடு இருக்கிற ஒரு மனிதரிடம் சாட்சி கேட்பது கொடுமை. இப்போது அவர் வீடு சந்திக்கிற குழுவில் இருக்கிறார், மேடையில் ஏறுவதில்லை.

கடைசியாக, பட்டியல். எந்தப் படகில் யார், எங்கிருந்து எப்போது புறப்பட்டார்கள் என்பதை அன்பிய வாரியாக எழுதுகிற நோட்டு ஒன்று இப்போது பங்கு அலுவலகத்தில் இருக்கிறது. ஒக்கிக்குப் பிறகு ஆழ்கடல் படகுகளுக்கு அரசு செயற்கைக்கோள் போனும், செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறுகிற நாவிக் கருவியும் கொடுக்கத் தொடங்கியது, எந்தப் படகில் அது இல்லை, எதில் பழுதாகிக் கிடக்கிறது என்பதையும் அதே நோட்டில் குறிக்கிறார்கள். சில வீடுகளில் இன்னும் தேதி சொல்ல மறந்துவிடுகிறார்கள், ஞாயிறு பூசை முடிந்ததும் அறிவிப்பில் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.